பாதி வண்டிப் படம்

மாமனார் நல்லக்கண்ணு கையில் கத்திரியைப் பார்த்ததுமே வள்ளித்தாய் கதவோரம் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அவர் வெட்ட எடுத்தது மெட்ராஸ் பத்திரிகையில் வந்திருந்த ஒரு படம். மலையேறும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஐந்தருவிக்கு மேலே, சாரலில் நனைந்த பாறைச் சரிவில் ஒரு புல்லட் ஏறுகிறது. ஓட்டுகிறவர் ஹெல்மெட், கண்ணாடி, பேண்ட், சட்டை எல்லாம் போட்டிருக்கிறார். கீழே, 'தென்காசி வீரர் நம்பிராஜன்'.

வீரராவது ஒண்ணாவது! படம் எடுக்க வந்த அன்றைக்குப் பார்த்து நம்பிராஜனுக்குக் கை சுளுக்கு. அவன் பெண்டாட்டி வள்ளித்தாய்தான் அவன் உடுப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். இலஞ்சிப் பொட்டலில் புருஷனிடமே திருட்டுத்தனமாக ஓட்டப் பழகியிருந்தாள். அவன் ஷூ மட்டும் தொளதொளவென்று கிடந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். பத்திரிகைக்காரரிடம் பேரை மட்டும் நம்பிராஜன் என்றே போடச் சொல்லிவிட்டாள்.

அடேயப்பா, அந்த ஏற்றம்! எழுபத்தெட்டாம் வருஷ சீசனை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

வீட்டில் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. மாமனார் ரிட்டயர்டான போலீஸ் ஏட்டு. அவள் தபாலாபீசுக்குச் சைக்கிளில் போனதற்கே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மனுஷர்.

அப்பேர்ப்பட்டவர், பத்திரிகை வந்த அன்றே பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருந்த அத்தனை பிரதியையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கிழவருக்கு மகன் பெருமை தலைக்கேறிவிட்டது என்று தெருவே சிரித்தது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு ஒன்றாவது கொடுத்தாரா? டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

ஒன்றை மட்டும் எடுத்துத்தான் இப்படிக் கத்தரித்தார். கண்ணாடி போட்டுச் சுவரிலும் மாட்டினார். பார்த்தால், படத்தின் கீழ்ப்பாதியே காணோம். சக்கரம் பாதி, ஓட்டுகிறவருக்குக் காலே இல்லை.

வள்ளித்தாய் படத்தின் முன்னால் போய் நின்றாள். தன் பேர்தான் இல்லை, தான் ஓட்டின வண்டியாவது முழுசாக இருக்கக் கூடாதா? இப்படியும் ஒரு மனுஷரா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். கடைசியில் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"பாதியை வெட்டிட்டியளே மாமா?"

நல்லக்கண்ணு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான் போலீஸ்ல கெடந்தவன்லா. எம் மவன் கால்வெரல்ல மெட்டி கெடந்தா எனக்குத் தெரியாதா? ஊர்க்காரன் பாத்தா உன்னைய நிம்மதியா இருக்க விடுவானா?"

அவள் குனிந்து தன் கால்விரல் மெட்டியைப் பார்த்தாள்.

அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து, வெட்டாத பிரதி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இது உனக்கு. அடுத்த தடவை உன் கால் அளவுக்கு ஒரு ஷூ வாங்கிக்கோ, தாயி."