இருவருக்கும் ஒரு துவக்கு

வெக்ஸ்போர்ட் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசையில் ஒக்ரோபர் வெயில் சாய்ந்து கிடக்கிறது. மான் வேட்டைக்கு றொபேட்டும் அவருடைய பதின்மூன்று வயது மகள் மெலிசாவும் சேர்ந்து பாவிக்க, தங்கள் கைக்கு எட்டிய விலையில் முதல் துவக்கைத் தேடுகிறார்கள். மலிவான பழைய நீளத் துவக்கொன்றை அவள் தோளில் வைத்துப் பார்க்கிறாள். துவக்கு நீளம் கூட, விரல் விசைக்கு எட்டவில்லை. "ரெண்டு வருசத்தில வளந்திடுவாய், பிள்ளை," என்கிறார் றொபேட். "அப்பா, இது பெரிசா வாங்கி வளந்து போட வின்ரர் ஜக்கெற் இல்லை. நான் இந்த வருசமெல்லோ சுடவேணும்!" அவர் சிரித்தபடி அதே விலையில் குட்டையான ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அவளுடைய கன்னம் துவக்கின் மரப்பிடியில் படிகிறது, குழல் அசையாமல் நிற்கிறது. றொபேட் வாங்கித் தன் தோளில் வைக்க, முழங்கை விலாவோடு இடிக்கிறது. "எனக்குச் சின்னன்தான். பரவாயில்லை, நான் ஒடுங்கிப் பிடிக்கிறன். நீ நிமிந்து பிடி."