ஜன்னலில் தெரிந்த மலை

இருநூற்றுப் பதினொரு நாட்களாக மராஷ் வாசற்படியைத் தாண்டவில்லை. "பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறான்" என்றுதான் அம்மா பிரேண்டா கேட்பவர்களிடம் சொல்வாள். கேட்டவர்களும் நம்பியது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அன்று மதியம் லேப்டாப் திரையில் இணையத்தில் கூடப் படிக்கும் எர்மாலின் வரிகள் வந்தன.

"நேத்து கணக்குத் தாளை போட்டோ எடுத்து அனுப்புனியே, பின்னாடி ஜன்னல் தெரிஞ்சுது."

"அதுக்கென்ன இப்போ?"

"ஜன்னல்ல ஒரு மலை. அது எங்க வீட்டுலேர்ந்தும் தெரியும். ஆனா மலைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து."

மராஷின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

பள்ளிக்கூடம் நின்றுபோன பிறகு எல்லாவற்றையும் தானே தட்டுத் தடுமாறிக் கற்றவன் அவன். பாட வீடியோவை மெதுவாக ஓட்டுவது, தனக்குத் தானே கேள்வி அட்டை தயாரிப்பது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதும் இணையப் பலகையைத் திறப்பது. படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்ப மட்டும் கற்றிருக்கவில்லை.

எர்மால் கிடைத்தது அந்தப் பலகையில்தான். நான்கு மாதப் பழக்கம், ஒருவர் முகமோ குடும்பப் பெயரோ மற்றவருக்குத் தெரியாது. நுண்கணிதத்தில் மராஷ் கெட்டி, நிகழ்தகவில் எர்மால். பாதிக் கணக்கை இவன் எழுத, மீதியை அவன் முடிப்பான்.

"எந்த ஊர்க்காரன்டா உன்கூடப் படிக்கிற அந்தப் பையன்?" அடுப்படியிலிருந்து பிரேண்டா எட்டிப் பார்த்தாள்.

மராஷ் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

மலைக்கு அந்தப் பக்கம் மர்காய் குடும்பத்து வீடுகள். போன இலையுதிர்காலத்தில் வாய்க்கால் தண்ணீருக்காக மூண்ட சண்டையில் மராஷின் சித்தப்பா, கோல் மர்காயைச் சுட்டுக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போனார். சிறை அரசாங்கத்துக் கணக்கு. அல்பேனிய மலைகளின் கணக்கு வேறு. ரத்தத்துக்கு ரத்தம், சுட்டவர் குடும்பத்தின் எந்த ஆணுடையதானாலும் சரி.

அப்பா ஜெர்மனியில் கட்டட வேலையில் இருந்தார். மிஞ்சியது மராஷ். வீட்டுக்குள் இருக்கும்வரை எவனும் தொடமாட்டான். படியைத் தாண்டினால் தடுக்க யாருமில்லை.

சமாதானம் பேச மூன்று முறை ஆட்கள் போனார்கள். அந்த வீட்டு ஆண் ஒருவன் வந்து இந்த வீட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்றால் பகை முடிந்துவிடும். "கல்லைத் தின்னாலும் தின்போம்" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

போன வாரம் எர்மால் எழுதியது இப்போதுதான் மராஷுக்கு உறைத்தது. 'பரீட்சைக்கு முன்னாடி ஒரு வேலைய முடின்னு சித்தப்பாங்க உயிரை எடுக்குறாங்க.' என்ன வேலை என்று கேட்டதற்கு, 'சொன்னா நீ என்கூடப் படிக்க மாட்ட' என்றிருந்தான்.

திரையில் அடுத்த வரி வந்தது.

"உங்க அம்மா வீட்டுல இருக்காங்களா? இன்னிக்குச் சோள ரொட்டி சுடுறாங்களா?"

"ஏன்டா கேக்குற?"

எர்மாலின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

மராஷ் எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் பிரேண்டா மாவுக் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி! கதவைச் சாத்திச் சாத்தி உன்னைக் காப்பாத்தினேன். நீ ஜன்னலைத் திறந்து காட்டிட்டியா? பால் வண்டியப் பத்தி அவன்கிட்ட ஏதாவது சொன்னியா?"

மராஷ் தரையைப் பார்த்தான். தேர்வு ஷ்கோதர் நகரத்தில். அல்பேனிய மொழித் தாள் அன்று பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே ஒளிந்து போவதாகத் திட்டம். தேதி, நேரம், பாதை எல்லாம் எர்மாலுக்குத் தெரியும்.

"சொல்லித் தொலைச்சியா?"

"நண்பன்னு நெனச்சேம்மா."

சாயங்காலம் ரொட்டி வெந்து இறங்கும் நேரத்தில் நாய் குரைத்தது. முற்றத்திலிருந்து ஒரு குரல்.

"வீட்டுக்காரரே! விருந்தாளிய ஏத்துப்பீங்களா?"

பிரேண்டா மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போகாத. நான் போறேன். பொம்பளைய சுட மாட்டாங்க."

"அவன் கூப்பிட்டது வீட்டுக்காரனைம்மா. விருந்தாளின்னு வந்தவனுக்குக் கதவு திறக்கலைன்னா நாளைக்கு ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும்! நீ உயிரோட இருந்து தொடச்சுக்கோ!"

மராஷ் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தான். தாழ்ப்பாளை நீக்கி, படிக்கு உட்புறமாகவே நின்றான்.

முற்றத்தில் அவன் வயதுப் பையன் ஒருவன் தனியாக நின்றிருந்தான். ஒல்லி உடம்பு, மூக்குக் கண்ணாடி, மலையேறி வந்த வியர்வை. தோளில் துப்பாக்கி.

"எர்மாலா?" என்றான் மராஷ்.

"அது பலகையில மட்டும்."

பையன் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றினான். பிரேண்டா அலறியபடி ஓடிவந்து மகனுக்கு முன்னால் விழுந்தாள்.

துப்பாக்கி திரும்பியது. குழாய் பையனின் நெஞ்சைப் பார்க்க, கட்டைப் பிடி மராஷின் பக்கம் நீண்டது. மராஷ் அதை வாங்கிக்கொண்டான்.

பையன் குனிந்து, செருப்பைப் படிக்கு வெளியே கழற்றி வைத்தான். தரையில் கிடந்த பிரேண்டாவைப் பார்த்துச் சொன்னான்.

"நான் கோல் மர்காயோட மகன்மா... பசிக்குது, ரொட்டி வைங்க."