சிவப்பை எடு

அழுத்தக் கலனோடு குழாய் சேரும் வெல்டு, பளு மிஞ்சும் இடங்களை நிறத்தால் காட்டும் என் கணினிப் படத்தில் ரத்தச் சிவப்பாக இருந்தது.

"அந்த இடம் தாங்காது, சார்."

"உனக்குச் சம்பளம் குடுக்குறது என்னைப் பயமுறுத்தவா? கலர் ஸ்கேலை மாத்திச் சிவப்பை எடு. கஸ்டமர்கிட்ட நான் பூசி மெழுகிடறேன்," என்றார் மேனேஜர். நிறத்தைத் தவிர அந்த மேதைக்கு வேறெதுவும் புரியாது.

மறுநாள் படம் முழுக்கப் பச்சை. குளிர்ந்துபோனவர், கூடவே நான் நீட்டிய கலனின் வரைபடங்களிலும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

சோதனை நாளில் கலனில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். பெரிய மனிதர் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். நான் கலனருகிலேயே நின்றேன்.

"கிறுக்கா, ஓடி வா! நீ மாத்துனது வெறும் கலர்டா!"

"கலரை நான் தொடவே இல்ல, சார். வெல்டைச் சுத்தித் தடிமனா ஒரு தகடு வச்சேன், சிவப்பு தானா போயிடுச்சு. அந்த வரைபடத்துல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? தைரியமா வெளிய வாங்க."