தைல வாசம்

கொட்டாஞ்சேனையில், விளக்கணைத்த ஸ்கேன் அறையில், காய்ச்சல் நடுக்கத்தோடு தொடையைக் காட்டிப் படுத்திருக்கிறான் ரொனி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், தலைவலிக்குக்கூட மருந்து தேடாதவன். சுளுக்கென்று நம்பி, தினமும் தைலம் போட்டு அந்தத் தொடையை அழுத்தித் தேய்த்த மனைவி இமெல்டா காலடியில் நிற்கிறாள். தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. திரையிலோ, சாம்பல் நிறத் தசைக்கு நடுவே கறுப்பாக ஒரு குளம் அசைகிறது. "சுளுக்கில்ல. தசைக்குள்ள ஆழத்துல சீழ் கட்டியிருக்கு. சுகமா இருக்கிற ஆளுக்கு இப்படி வாறது அபூர்வம். இன்டைக்கே எடுக்கணும்," என்கிறார் டொக்டர் பர்ஹா. "யாரு இதத் தேச்சது?" இமெல்டா கைகளைப் பின்னால் மறைக்கிறாள். "நான்தான் டொக்டர்," என்கிறான் ரொனி. "இவ வேணாம்னுதான் சொன்னா." அவளுடைய விரல்களின் தைல வாசம் அறை முழுக்க நிற்கிறது. டொக்டர், தொடையிலுள்ள ஜெல்லைத் துடைக்கும் டிஷ்யூவை அவளிடமே நீட்டுகிறார். "மெதுவா துடைங்க."