இரண்டு கோழியும் ஒரு கட்டிலும்

"பொழுது சாயறதுக்குள்ள தொரைக்கு ஒண்ணும் அகப்படலைன்னு வெச்சுக்க, நாளைக்கே இங்க நெலக்கடலை மூட்டைய அடுக்கிப்போடுவேன். நீ ஆடு மேய்க்கப் போயிரு" என்று பச்சமுத்துவை மிரட்டினார் பண்ணாடி வெங்கடாசலம்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, ஒரு சிற்றூரின் வாசகசாலைக்கு இடம் விட்ட பண்ணைக்காரப் புண்ணியவான் அவர். அதைக் காத்துவருபவன் பச்சமுத்து. நூற்றுப் பன்னிரண்டு ஏட்டுக்கட்டு. ஒன்றில்கூட ஒரு பூச்சி வாய் வைத்ததில்லை. இங்கிலீசில் மட்டும் அவனுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

ஆர்தர் துரை சொல்லாமல் கொள்ளாமல் மோட்டாரில் வந்து இறங்கி மூன்று நாளாகிறது. கும்பினிக் காலத்து வெள்ளைக்காரர்கள் கைப்பட எழுதிய காகிதங்கள் எந்த மூலையில் கிடந்தாலும் தேடியெடுத்துச் சீமைக்கு அனுப்புவது அவர் உத்தியோகம். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். அவர் பேச்சு முழுதாகப் புரியக்கூடிய ஒரே புலவரும் போன வருஷம் காலமாகிவிட்டார்.

ஜோசிய ஏடு, மாட்டு வைத்திய ஏடு எல்லாம் புரட்டியாயிற்று.

"ஆங்கில எழுத்து யாண்டும் இல்லையோ?" என்று தும்மினார் துரை.

பச்சமுத்துவின் கண்ணெதிரே கடலை மூட்டைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்க சாமி."

பரணில் ஏறி, பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தான். பிரித்தால், இருப்புச்சட்டி அடி போல ஒரு தாள். ஓரம் அப்பளமாக நொறுங்கியது. துரை பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"எத்துணைப் பழமை! முந்நூறு ஆண்டு இருக்கும்!"

"முந்நூறா? எங்க முப்பாட்டன் அதுக்கும் முந்தியே இதைப் பாத்திருக்கறாருங்க" என்றார் பண்ணாடி, கூசாமல்.

பச்சமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். பண்ணாடி அவன் காலை மிதித்தார்.

"கரியேறி எல்லாம் மறைந்தது. ஒரே வரி தெளிகின்றது" என்று துரை படித்துத் தமிழில் சொன்னார்: "'இரண்டு கோழியும் ஒரு கட்டிலும் ஆயத்தமாக வைக்கவும்.' ஐயமில்லை, படைத்தலைவன் ஒருவனின் ஆணை! கையெழுத்தின் கம்பீரம் காண்மின்! இவ்வாறு எழுதுவோர், என்னையன்றி இன்று எவருமிலர்!"

பண்ணாடிக்கு மீசை தானாக முறுக்கிக்கொண்டது. "வாசகசாலை இருந்துட்டுப் போகட்டும் போ. கடலைய மாட்டுக் கொட்டாயில போட்டுக்கறேன்" என்று பச்சமுத்துவின் காதில் சொன்னார்.

பட்டுத்துணி மூட்டையைப் பச்சைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு துரை மோட்டாரில் ஏறினார். வண்டி உறுமியது. தலையை வெளியே நீட்டினார்.

"பச்சமுத்து, ஒரேயொரு மனக்குறை. மூன்று நாளும் மரப்பலகையில் துயின்றேன். களியும் கொள்ளும் உண்டேன். இரண்டு கோழியும் ஒரு கட்டிலும் வேண்டுமெனத் தை மாதமே இவ்வாசகசாலைக்கு மடல் எழுதினேனே, வந்திலதோ?"

பச்சமுத்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"வந்துச்சுங்க சாமி. இங்கிலீசு எழுத்தாச்சே, பூச்சி அரிச்சுப்போடக் கூடாதுன்னு அன்னிக்கே மஞ்சளும் வசம்புக்கரியும் அரைச்சுப் பூசி, மூணு மாசம் அடுப்புப் புகையில வெச்சு, அப்புறம் பட்டுல சுத்திப் பரண்ல வெச்சேனுங்க. இப்பப் பத்திரமான எடத்துலதானுங்க இருக்குது" என்று, துரையின் மடியைப் பார்த்துக் கும்பிட்டான்.