நிறுத்திய படம்

கணக்கு வாத்தியார் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுத்தினார். படம் அப்படியே நின்றது.

ரயில் நிலையம். பெட்டி படுக்கையோடு நீண்ட வரிசை, சுற்றிலும் துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள். வரிசையின் இடது பக்கம் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று.

அது அவருடைய தங்கை.

அங்கேதான் குழப்பமே.

அது போர் முடிந்து முப்பது வருடம் கழித்து எடுத்த தொலைக்காட்சித் தொடர். ஓர் இனத்தையே ஊர் ஊராகப் பிடித்து ரயிலேற்றிக் கொன்ற கதை. நிஜத்தில், போர் முடிகிற தறுவாயில், அப்படி ஒரு ரயிலில்தான் அவருடைய அம்மாவும் ஏழு வயதுத் தங்கையும் போனார்கள். அவர் மட்டும் அன்றைக்குக் காய்ச்சலோடு பக்கத்து வீட்டுப் பரணில் படுத்திருந்தார். போனவர்களில் ஒருத்தரும் மிஞ்சவில்லை என்று பிறகு சொன்னார்கள். நம்பினார். நம்பாமல் யாரிடம் போய்க் கேட்பது?

அப்படியே தங்கை பிழைத்திருந்தாலும் தொடர் எடுக்கும்போது அவளுக்கு முப்பத்தேழு வயதாகியிருக்கும். அதே ஏழு வயதில் வந்து எப்படி நிற்பாள்?

தொடர் அந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் ஒளிபரப்பானது. குழந்தை கண்மூடித் திறப்பதற்குள் வந்து போய்விட்டது. வாத்தியார் பாய்ந்து போய் டிவி பெட்டியைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கழித்தல் சொல்லித் தருகிற மனுஷனுக்குச் சொந்தக் கணக்கு வரவில்லையே என்றாள். பயத்தில் வந்த சிரிப்பு அது. அவருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கணக்கு மட்டும் உள்ளுக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒன்று, கண் ஏமாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூளை குழம்பியிருக்க வேண்டும். எது என்று தெரிந்தால் நிம்மதியாகப் போய்ச் சேரலாம் என்று நினைத்துக்கொள்வார்.

அந்தத் தொடர்தான் இப்போது டிவிடியாக வந்திருக்கிறது. கடையில் பார்த்ததும் மகள் வாங்கி வந்துவிட்டாள்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே மூக்கு. கீழுதட்டை உள்ளே மடித்துக் கடிக்கும் அதே பழக்கம். கண் ஏமாற்றவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. எல்லாம் அந்த வீட்டோடு எரிந்துபோனது. தங்கையின் முகம் உலகத்தில் அவர் ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. அந்தத் தலையை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

கூட்டத்தில் நிற்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களைக் கூலிக்கு அழைத்து வந்தார்களாம். யாரோ பெற்ற பிள்ளை, சாயல் இருக்கத்தான் செய்யும் என்று மகள் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். வாத்தியார் சரி சரி என்று தலையாட்டினார்.

ஆட்டிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது.

அன்றைக்கு அவர் பார்த்தபோது குழந்தை தனியாகத்தான் இருந்தது. ஒரு கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்தக் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள்.

இவள் எங்கிருந்து முளைத்தாள்? புதிதாகச் சேர்த்துவிட்டார்களா என்று மகளைக் கேட்டார்.

"பழைய டிவி ஓரத்தையெல்லாம் முழுங்கிடும்பா. இவங்க அப்பவே அங்கதான் இருந்திருக்காங்க. இப்பதான் முழுப் படமும் தெரியுது."

வாத்தியார் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். படத்தின் ஓரத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்தார்.

அது அவருடைய அம்மா.

வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் தங்கை, இப்போது மாமியார், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வரிசை முழுக்க இவருக்குச் சொந்தமாகிவிடும் என்றாள் மனைவி. கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். இந்தத் தடவை சிரிக்க வரவில்லை.

வாத்தியாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. செத்துப்போனவர்கள் அன்றைக்கு இருந்த வயதிலேயே வந்து நிற்கிறார்கள் என்றால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில்தான். ஒருவழியாக விடை கிடைத்த மாதிரி இருந்தது. டிவியை அணைக்கக் கையை நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

ஓரத்தில் நின்றவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நாற்பது இருக்காது.

வாத்தியார் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா இல்ல. இவதான் தங்கச்சி. வளர்ந்து அம்மா மாதிரியே ஆயிட்டா. கூட நிக்கறது அவ பெத்த பொண்ணு."

அவர் மனைவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், விரலால் ஒன்றைக் காட்டினாள்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தங்கை மட்டும் ரயில் பக்கம் திரும்பவே இல்லை. தன் முகத்தை அடையாளம் தெரிந்தவர் யாராவது எங்காவது மிஞ்சியிருக்க மாட்டார்களா என்று, மகளை முன்னால் தள்ளி நிறுத்தி, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.