வெளிப்பூச்சு

மேனுகா கதவைத் திறந்தபோது அஜந்தாவின் வாயில் பொய் தயாராக இருந்தது.

பத்து வீடுகளில் சொல்லிப் பழகிய பொய் அது. மருந்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, மிச்சத்தைத் தாருங்கள், புதிதாகச் செய்து தருகிறேன்.

எல்லோரும் தந்தார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓட்டமாவடியில் ஸாதியா போத்தலைத் திருப்பித் தந்ததோடு நில்லாமல், இவ்வளவு தூரம் அலைந்தீர்களே என்று தேநீரும் ஊற்றித் தந்தாள். அஜந்தா அதை ஆறவிட்டு எழுந்து வந்தாள்.

மருந்து கொசுத்தேனீயின் பிசினில் செய்தது. மரங்களில் வடியும் பிசினைக் கொண்டுவந்து அந்தச் சின்னத் தேனீ தன் கூட்டின் வெடிப்புகளை அடைக்கும். அதைச் சுரண்டியெடுத்துத் தேனில் குழைத்தால் வயிற்றுப் புண்ணுக்குக் குடிக்கலாம். எண்ணெயில் காய்ச்சினால் வெளிப்புண்ணுக்குப் பூசலாம். அஜந்தாவின் அப்பா செய்தார். அவருக்குப் பிறகு பனிச்சங்கேணியில் அவள் செய்தாள்.

இந்த முறை பிசினில் சிவப்பு ஓடியிருந்தது. வீரியம் கூடிய பிசின் என்று அவளே எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

பிசினில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆராய, பல்கலைக்கழக மாணவி ஒருத்தி கொஞ்சம் வாங்கிப் போயிருந்தாள். அவள்தான் தொலைபேசியில் சொன்னாள். அளவுக்கு மேல் ஈயம். காயாத பெயின்றையும் பிசின் என்று தேனீ அள்ளிக்கொண்டு வரும்; பக்கத்தில் எங்காவது தோணிகளுக்குப் பெயின்ற் அடிக்கிறார்களா, அக்கா?

அஜந்தா வேலிக்கு அப்பால் பார்த்தாள். ஆற்றங்கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணியில் சிவப்புப் பெயின்ற் காய்ந்துகொண்டிருந்தது. நிழல் நல்லது என்று கூடுகளை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டியவள் அவள்தான்.

குடிக்க வாங்கிப் போனவர்களிடம் முதலில் ஓடினாள். மேனுகாவுக்குக் கொடுத்தது குதிக்கால் வெடிப்புக்கான பூச்சு. அது வாய்க்குள் போகாது. அதனால்தான் இந்த வீடு கடைசி.

மேனுகா ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி கதிரையை இழுத்துப் போட்டாள். பூஞ்சணக் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே போய் டப்பியை எடுத்து வந்தாள். விரலால் வழித்துத் துடைத்தது போல அது வெறுமையாக இருந்தது.

"கால் அப்பவே ஆறிட்டு அக்கா. பிறகு இவன் பால் குடிச்சுக் குடிச்சு முலைக்காம்பு வெடிச்சிட்டு. அதுக்கும் இதைத்தான் பூசினன், நாளைக்கு அஞ்சாறு தரம். நேத்தோட முடிஞ்சிட்டு. புதுசு எப்ப தருவீங்க?"

குழந்தை அவள் தோளை ஈரமாக்கிக்கொண்டு உறங்கியது.

டப்பி வெறும் டப்பி. வாங்கிக்கொண்டு நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அஜந்தா ஒரு கணம் அதையும் நினைத்தாள்.

"பூஞ்சணம் இல்ல மேனுகா. நான் சொன்னது பொய். அதில ஈயம் கலந்திரிக்கு, பிள்ளைக்கு ஆகாத சாமான். வெளிக்கிடு, ஆசுப்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிச்சுப் பாக்க வேணும். நானும் வாறன்."

மேனுகா உறங்கும் குழந்தையின் வாயைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். குழந்தை சிணுங்கியது.

உங்களுக்கு இது எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை என்று சொல்ல அஜந்தாவின் நாக்கு எழுந்தது. குடிக்கும் மருந்தை எல்லாம் இரண்டே நாளில் திரும்ப எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவசரமில்லை என்று வீட்டில் இருந்துவிட்டாள்.

"இண்டைக்கு ஆறாம் நாள்" என்றாள்.